வளைந்த ஜன்னல் கம்பி

கடைசித் தாளை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். மூக்குக் கண்ணாடியைத் துண்டின் நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியை வெளிச்சம் பார்த்துத் திருப்பிப் போட்டார். ஆள்காட்டி விரலைத் தாளில் ஊன்றி, தொண்டையைச் செருமி, வகுப்பில் வாத்தியார் எழுப்பிவிட்ட பையனைப் போல நிமிர்ந்துகொண்டு படித்தார்.

"பாப்பாத்தி வீடு வந்து சேர்ந்தாள்."

நான் எழுதியது அது இல்லை.

'பஸ் பாலாற்றைத் தாண்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.' இதுதான் என் நாவலின் கடைசி வரி. சற்று முன்புதான் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, பேனாவை மூடி வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வந்திருந்தேன்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அது சகஜம். "என்னங்க, மாசக்கணக்கா மண்டையை உடைச்சு எழுதினதை ஒரே வரில மாத்திட்டீங்களே" என்றேன். அவர் சிரித்தார். சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கண் தாளிலும் இல்லை, என் மேலும் இல்லை.

விரலைப் பார்த்தேன். அது எழுத்தே இல்லாத ஓரத்தில் இருந்தது.

தாளை வாங்கினேன். தலைகீழாகத் திருப்பி மறுபடி அவர் கையில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை தானாகச் செய்துவிட்டது. அவர் மறுபடியும் விரலை ஊன்றினார். தொண்டையைச் செருமினார்.

தெருவில் கீரைக்காரி "சொப்பு, சொப்பு" என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு போனாள். அவர் படிக்கவில்லை. தாளை மடியில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"எழுத்து தெரிய மாட்டேங்குது மீனா" என்றார்.

பரீட்சை

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு எங்கள் வீடு தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைசூரில் விஜயநகர். பென்ஷன்காரர்கள் காலையில் குல்லாய் மாட்டிக்கொண்டு நடக்கிற தெரு. எங்கள் வரிசையில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் உண்டு. படிக்கத் தெரிந்தவர்கள் நானும் இவரும்தான். மகள் காவ்யா தமிழில் சண்டை போடுவாள், கன்னடத்தில் எழுதுவாள், இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். நான் எழுதுகிற ஒரு வரியை வாசற்படி தாண்டாமல் யாரிடமாவது காட்ட வேண்டுமென்றால், இவரை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

அந்த ஒரே ஆளிடமும் முதல் வரைவைக் காட்டுவதில்லை. காரணம் இவர் முகம். மனசில் இருப்பதெல்லாம் அதில் ஓடும். ஓர் இடம் பிடித்துவிட்டால் புருவம் ஏறும். பிடிக்காவிட்டால் காது மடலைத் தடவ ஆரம்பித்துவிடுவார். அந்தப் புருவத்துக்காகவே எழுதத் தொடங்கிவிடுவேனோ என்று எனக்குப் பயம். அதனால் ஓர் ஏற்பாடு. வரைவு முடிகிற அன்று கடைசித் தாளை மட்டும் அவரிடம் தருவேன். கடைசி வரியை அவர் வாய்விட்டுப் படிப்பார். அதோடு வரைவு முடிந்ததாக அர்த்தம். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துப் போய் செட் தோசை சாப்பிடுவோம். மற்ற தாள்களெல்லாம் நான் திருத்தி எழுதிய பிறகுதான் அவருக்கு.

இன்னோர் ஏற்பாடும் உண்டு. அதற்கு வீட்டில் பெயர் பரீட்சை.

ரொம்ப வருஷங்களுக்கு முன்னால், என் இரண்டாவது நாவலின் கடைசி அத்தியாயத்தில் பாதி வழி போயிருந்தபோது, ஹனூரிலிருந்து இவர் பக்கத்து ஒறம்பரை வந்து இறங்கியது. ஒறம்பரை என்றால் உறவுக்காரர்கள். அவர்கள் ஊர்ப் பேச்சு அது. சாமுண்டி மலை பார்க்க வேண்டும், மிருகக்காட்சிசாலை பார்க்க வேண்டும், அரண்மனை விளக்கு பார்க்க வேண்டும். நல்ல மனுஷர்கள், பை நிறைய அவரைக்காயும் கடலைக்காயும் கொண்டுவந்தார்கள். நான் தோசை வார்த்தேன், வார்த்தேன், வார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தால், மனசில் இருந்த முடிவு ஆற்றில் நழுவிய சோப்பு மாதிரி போயே போய்விட்டது. அந்தப் புத்தகத்தில் இப்போது இருப்பது வேறு முடிவு. போனது இதைவிட நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அன்றைக்கு நான் பாத்திரங்களைப் போட்டு உருட்டிய உருட்டலில் இவர் ஒரு சட்டம் போட்டார். கவனியுங்கள், சட்டம் அவர் போட்டது. கடைசிப் பகுதியைத் தொடங்குகிறேன் என்று நான் சொன்னால் போதும், என் அறைக் கதவு சாத்தப்படும். பால், காஸ், கரண்ட், கல்யாணப் பத்திரிகை, வாசலில் வந்து நிற்பவர்கள், எல்லாம் அவர் பாடு. சமையலும் அவரே. சாப்பாட்டுக்கு மட்டும் நான் வெளியே வருவேன். அப்போதும் மனசைக் கலைக்கிற எந்தச் செய்தியும் என் காதில் விழக் கூடாது.

காவ்யா சின்னவளாக இருந்தபோது, வாசலுக்கு வருகிறவர்களிடம் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு "நம்மம்மங்கெ பரீக்ஷெ" என்பாள். எங்கள் அம்மாவுக்குப் பரீட்சை. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

ஒரு பரீட்சையின்போது திருச்சியில் என் பெரியப்பா மகன் இறந்துபோனான். இவர் தனியாகப் போய், என் சார்பில் மாலை போட்டு, சுடுகாடு வரைக்கும் போய்விட்டு வந்தார். என்னிடம் மேட்டூரில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். நாவல் முடிந்து, தோசையும் முடிந்து, காபி வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

நான் அங்கேயே அழுதேன். ஆனால் கோபப்படவில்லை. அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பார் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கே நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்க வேண்டும். ஒன்றை மறைத்ததற்குப் பாராட்டு கிடைத்தால், மனுஷன் அடுத்ததையும் மறைக்கத்தானே செய்வான்.

பாதி நாமே ஊகிக்க வேண்டும்

கண்ணைப் பற்றிச் சொல்ல வந்தவள் இவர் தமிழ் படித்த கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

இவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். கல்யாணமானபோது தமிழில் ஓர் எழுத்து தெரியாது. அது தெரியவந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகமும் கையுமாக வளர்ந்த பெண்ணை, பஸ்ஸில் போட்டிருக்கிற ஊர்ப் பெயரைக்கூடப் படிக்கத் தெரியாத ஆளுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டீர்களே என்று அப்பாவுக்கு எரிந்து விழுந்து கடிதம் எழுதினேன். தமிழ் பஸ் என்று நான் சேர்த்து எழுதவில்லை. அது என் குசும்பு. பாவம், அப்பா அதை நம்பிப் பதறிப்போய் மைசூருக்கே வந்துவிட்டார். வந்தவர் மாப்பிள்ளை போட்ட காபியைக் குடித்துவிட்டு, என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

என் முதல் சிறுகதை ஒரு வார இதழில் வந்தபோது, இவர் அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். கூட வேலை பார்த்த ஒருவர் கதை என்ன என்று கேட்டிருக்கிறார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் அந்த இதழை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, என் கதையின் முதல் பத்தியைப் படித்தார். மேட்டூர் போனபோது ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒன்று வாங்கி வந்து, தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளையில் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். கையில் வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

தமிழ் எழுத்தின் மேல் அவருக்கு ஒரு குறை உண்டு. கன்னடத்தில் ஒவ்வோர் ஓசைக்கும் தனி எழுத்து இருக்கிறது. தமிழில் ஒரே எழுத்தை இடம் பார்த்து வேறு வேறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "உங்க எழுத்துல பாதி நாமளே ஊகிச்சுக்கோணும்" என்பார். அப்படி விரலும் ஊகமுமாக என் நாவல்கள் அத்தனையும் படித்தார். ஒரு நாவலுக்கு ஒரு மழைக்காலம் பிடிக்கும். இளம் வயதில் இரும்புத்தூள் தெறித்து இடது கண் மங்கிப்போயிருந்தது. படித்ததெல்லாம் வலது கண் ஒன்றை வைத்துத்தான்.

அன்று மதியம் சாம்பார் சாதம்

இந்த நாவலின் பரீட்சை மழை தொடங்கும்போது ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று இவரிடம் சொன்னேன். என்னுடைய இரண்டு வாரம் எப்படிப்பட்டது என்று என் பதிப்பாளரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். ஆடி வந்தது, போனது. தெருமுனையில் பிள்ளையாருக்குப் பந்தல் போட்டார்கள், பிரித்தார்கள். நான் உள்ளேயே இருந்தேன்.

உள்ளே ஏதோ தவம் நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பாதி நேரம் ஜன்னலுக்கு வெளியே புங்க மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எதிர்வீட்டுக்காரர் தன் காரை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவுவதைப் பார்ப்பேன். ஒரு பக்கம் எழுதி, அதைப் படித்து, கசக்கி, மறுபடி பிரித்து நீவி வைப்பேன். தலை வாரியிருக்க மாட்டேன். முதல் வரைவின் கடைசி நாட்கள் எல்லோருக்கும் இப்படித்தானா, எனக்கு மட்டுந்தானா, தெரியாது.

கதையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, கர்நாடக எல்லையில் பாலாறு சோதனைச்சாவடி தாண்டி மேட்டூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விடுகிறாள் பாப்பாத்தி. அவள் வருவாள் என்று ஹனூரில் ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறார் அந்த அப்பன். பல வருஷம் கழித்து ஹனூர் வரைக்கும் வருகிறாள். வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறாள். இவருக்கு இதில் பெயரும் ஊரும் மட்டும்தான் தெரியும். அந்தப் பாதையில் பஸ் எங்கே நிற்கும், காட்டுக்குள் என்ன மரம் என்றெல்லாம் சாப்பிடும்போது இவரிடம்தான் கேட்டுக்கொள்வேன்.

இடையில் ஒரு நாள் மதியம் முள்ளங்கி சாம்பார். நான் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோர அப்பன் மரக்கட்டை மாதிரி அசையாமல் இருந்தார், எழுத எழுத உயிர் வரவில்லை. இவர் என் தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"மீனா, அந்தக் கம்பி எதுக்கு வளஞ்சாட்டம் இருக்குது?"

திரும்பிப் பார்த்தேன். கம்பி நேராகத்தான் இருந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

"கொஞ்ச நாளாவே நடுவுல வளஞ்சாட்டந் தெரியுது" என்றார்.

நான் எழுந்து அறைக்கு ஓடினேன். கையைக்கூடக் கழுவவில்லை. வருஷக்கணக்காக ஒரே ஜன்னலைப் பார்த்துப் பார்த்து, அந்த அப்பனுக்குக் கம்பி வளைந்து தெரிகிறது. பார்த்த பார்வையிலேயே இரும்பு வளைந்துவிட்டதோ என்று அவர் தடவிப் பார்க்கிறார். விரலுக்கு நேராக இருக்கிறது, கண்ணுக்கு வளைந்திருக்கிறது. ஒரே மூச்சில் எழுதினேன். இந்த நாவலில் நான் எழுதிய நல்ல பக்கம் அது. அதன் மூலையில் இன்னும் சாம்பார்க் கறை இருக்கிறது.

திரும்பி வந்தபோது சோறு ஆறியிருந்தது. இவர் சாப்பிடாமல் காத்திருந்தார். "கெடச்சுதா?" என்று கேட்டார். "கிடைச்சுதுங்க" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மோரை ஊற்றிக்கொண்டார். கம்பியைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

எந்த வீட்டில் வேண்டுமானாலும் பாருங்கள். நேரான கம்பி வளைந்து தெரிகிறது என்று புருஷன் சொன்னால், பெண்டாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் கிளம்புவாள். படிக்காதவளுக்கும் அது தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னிடம் சொல்லத்தான் செய்தார். நான் அதை வாங்கிக்கொண்டு போய் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அடையாளங்கள் இருந்தன. ரசத்தில் கொத்தமல்லிக்குப் பதில் புதினா மிதந்தது. சாப்பிட்டுவிட்டுக் குறை சொன்னேன். ஸ்கூட்டருக்கு உறை போட்டு மூடிவிட்டு, நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்றார். நல்ல புத்தி வந்ததே என்றேன். காலைப் பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது, முதலில் நான் படித்தேன்.

யாருக்குப் பரீட்சை?

கடைசித் தாளைக் கொடுத்த மறுநாள் காலையிலேயே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளம்பெண். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையை இவர் முன்னால் பிடித்து, கோடுகள் வளைந்து தெரிகின்றனவா என்று கன்னடத்தில் கேட்டாள். முன்பு வளைந்திருந்தன, இப்போது நடுவில் ஒன்றுமே இல்லை என்றார் இவர். பாப்பாத்தியின் அப்பனுக்கு நான் கொடுத்த பெருமைக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தாள். இவர் முன்பே வந்திருக்கிறார். பூங்காவில் நடந்த கண் முகாமில் சந்தேகப்பட்டு அனுப்பியிருக்கிறார்கள். விழித்திரையில் ரத்தக் கசிவு, உடனே கண்ணில் ஊசி போட வேண்டும், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த வாரமே வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்போது தெருமுனையில் பிள்ளையார் பந்தல்கூடப் போடவில்லை.

"யாகெ இஷ்டு லேட்டு மாடிதிரி?" என்று கேட்டாள். ஏன் இவ்வளவு தாமதம் செய்தீர்கள்?

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மனேலி பரீக்ஷெ இத்து" என்றார். வீட்டில் பரீட்சை இருந்தது.

பேரப்பிள்ளைக்கா என்று டாக்டர் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் இரண்டு பேர் தலையும் நரைத்திருக்கிறது. நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், மாதாமாதம் ஊசி போட வேண்டும் என்றாள். நடக்கலாம், ஆள் தெரியும். எழுத்து இனிமேல் கஷ்டம்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் வெடித்தேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாமே, காவ்யாவை ஒரு நாள் வரச் சொல்லியிருக்கலாமே, நாவலை அடுப்பில் போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேனே, நான் என்ன அவ்வளவு பெரிய ராட்சசியா என்று கத்தினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களையே பார்த்தார். இவர் கண்ணில் கட்டோடு, நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்திருந்தார்.

"உங்கிட்டச் சொன்னா நீ அவசரமா முடிச்சுப்போடுவ" என்றார். "அப்புறம்... கண்ணுல ஊசி போடறதுன்னாங்க. நீ இல்லாம எனக்குப் பயமா இருந்துது மீனா."

முதலில் சொன்னதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தியாகம் செய்கிற மனுஷனைத் திட்டலாம், திட்டிவிட்டு மன்னித்தும் விடலாம். இரண்டாவதற்கு என்ன செய்ய? நான் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம், பயந்துகொண்டு, என் பரீட்சை முடியட்டும் என்று சாம்பார் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. என் மேல் இருப்பதை எழுதினால் பக்கம் போதாது.

அந்த வருஷத் தசராவுக்கு அரண்மனை விளக்குப் பார்க்கக் கூட்டிப்போனேன். அவர்தான் கேட்டார். கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஓரமெல்லாம் ஜெகஜோதியா இருக்குது" என்றார். நடுவில் என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை.

ஜன்னலோர அப்பன்

வரைவைக் காட்டுவதில்லை என்ற சட்டத்தை நானே உடைத்தேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் தாளிலிருந்து படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புருவம் ஏறியது, இறங்கியது. எதற்குப் பயந்து இத்தனை வருஷம் ஒளித்தேனோ, அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டு படிப்பது சுகமாக இருந்தது. இவ்வளவு சுகத்தை எதற்காக வேண்டாமென்று இருந்தேன் என்று யோசித்துக்கொள்வேன். ஆனாலும் அது அவர் படிப்பது ஆகாது. அவர் விரல் மடியில் சும்மா கிடந்தது. சில சமயம் வேட்டியின் மேல் இடமிருந்து வலமாக நகரும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த தாளை எடுப்பேன்.

கம்பி வளைகிற பக்கம் வந்தது. தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். தொடர்ச்சி அறுந்துவிடும் என்று படித்தேன். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இது நாஞ் சொன்னதல்லோ?" என்றார்.

பெருமைதான். வேறு ஒன்றும் இல்லை அந்தக் குரலில். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசி அத்தியாயத்தைப் படித்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. பாப்பாத்தி ஹனூர் பஸ் நிலையத்தில் நின்றாள், யோசித்தாள், திரும்பி ஏறினாள். பஸ் பாலாற்றைத் தாண்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைக் கீழே வைத்தேன்.

இவர் கை காது மடலுக்குப் போயிருந்தது.

"சும்மா சொல்லுங்க" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "அவசரமா முடிச்சாட்டம் இருக்குது" என்றார். "ஜன்னலண்ட ஒருத்தன் உக்காந்துட்டு இருந்தானே, அவ அப்பன். அவனைக் கடைசீல மறந்துபோட்டயாட்ட இருக்குது."

அவருக்கு அதில் உள்ளர்த்தம் எதுவும் கிடையாது. இவருக்கு அப்படிப் பேசவும் வராது. கதையில் ஒரு மனுஷன் விடுபட்டுப்போனதைச் சொன்னார், அவ்வளவுதான். சரியாகச் சொன்னார். அந்த அத்தியாயம் முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். அப்பன் எங்கேயும் இல்லை.

நான் அவசரப்படக் கூடாது என்றுதானே அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த அத்தியாயத்தை ரொம்ப நாள் என்னால் தொட முடியவில்லை. மோசமான அத்தியாயம் என்று தெரியும். மற்றதாக இருந்தால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருப்பேன். நான் கிழித்த பக்கங்களுக்கு இந்த வீட்டில் அளவே இல்லை. இதை எப்படி அடிப்பேன்? இதை எழுதுவதற்காக அல்லவா அவர் காத்திருந்தார். இதையும் எடுத்துவிட்டால் அவர் கண் எதற்காகப் போயிற்று என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். மோசமான முடிவோடு எத்தனையோ நாவல்கள் உலகத்தில் இருக்கின்றன, இன்னொன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் அதைத் தொடாததை இவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஒரு நாள் பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். கண் பார்க்காமலே விரல் அதைச் செய்யும். தலை நிமிராமல் சொன்னார்.

"எங் கண்ணுக்காவ அதைய வெச்சுக்க வேண்டாம். எடுத்துப்போடு."

எடுத்துவிட்டேன். அந்த அத்தியாயம் இப்போது நாவலில் இல்லை. எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், கிழிக்க மனசு வரவில்லை.

என் அறைக் கதவும் இப்போது திறந்துதான் இருக்கிறது. அறையிலேயே நான் உட்காருவதில்லை. சாப்பாட்டு மேஜையில், அந்த ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். காஸ்காரர் வருகிறார், காவ்யா போன் செய்கிறாள், இவர் ரேடியோவைத் திருகுகிறார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அரைப் பொழுது போய்விடுகிறது. முடிவு கை நழுவிப் போகிறது, மறுபடி வருகிறது. போகட்டும் என்று இருக்கிறேன். இப்படி இருந்திருக்கலாம், முதலிலிருந்தே.

இந்த வாரம் ஊசி நாள். ஆஸ்பத்திரி நடைவழியில் வரிசையாக நாற்காலிகள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். எத்தனை தடவை போட்டாலும் அவருக்கு அந்தப் பயம் போவதில்லை, உள்ளங்கை ஈரமாகிவிடும். அந்தக் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். பேனா எடுத்துப்போகவில்லை.

கண்ணை மூடியபடி கேட்டார்.

"பாப்பாத்தி வூட்டுக்கு வந்துட்டாளா?"

"இன்னும் வரலைங்க" என்றேன். "ஹனூர் பஸ் நிலையத்துலதான் நிக்கிறா."

"அப்பன்?"

"ஜன்னல்கிட்டயேதான் இருக்கார்."

நர்ஸ் யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டாள். எங்கள் பெயர் இல்லை.

"அவசரப்படுத்தாத. மெதுவா வரட்டும்" என்றார். "அவன் இருப்பான்."